மீட்டர் கோளாறு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன்பு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய கார் ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் 36,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஹயர் பர்ச்சேஸில் (தவணைக் கடனில்) வாங்கினேன். டாங்க் நிறைய இருந்தாலும் பெட்ரோல் முள் அரையிலேயே நிற்கும். முழு டாங்க் அடித்துக்கொண்டு தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஜோகூர் போனபோது, எல்லை தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதிக்கு முள் அரை காட்டியதால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் பிஐஇ விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டது. அரை டாங்க் இருக்கிறது என்று நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) இழுவை வண்டி கார்பேட்டையில் கொண்டுபோய் விட்டது. தெரிந்த பட்டறையில் பெட்ரோல் பம்பையும், டாங்கின் அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்டரையும் மாற்ற 1,180 வெள்ளி ஆனது. விற்றவரோ 'உள்ளது உள்ளபடி' என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டி, மரியாதையில்லாமல் பேசுகிறார். பேனாவால் 'பெட்ரோல் மீட்டர் சரியாகக் காட்டாது' என்றும் அதில் எழுதியிருக்கிறது. எனக்கு முழுப் பணமும் நஷ்டஈடும் வேண்டும். அதுவரை மாதத் தவணையை நிறுத்தலாமா?
— யீஷூன் வாசகர்

பதில்: நிச்சயதார்த்தத்தையும் விற்றவரின் வாய்த்துடுக்கையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றுக்கு ஒரு வெள்ளி கிடைக்காது. 'உள்ளது உள்ளபடி' என்ற அச்சு வரிக்கும் பயப்பட வேண்டாம். வியாபாரி ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவரிடம் அப்படி எழுதித் தன் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. உங்கள் வழக்கே அந்தப் பேனா வரியில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்பே குறிப்பாகச் சொல்லிக் காட்டிய குறையைப் பிறகு குறையென்று சட்டத்தில் கோர முடியாது. ஆகவே மீட்டர் போனது போனதுதான், சென்டருக்கான காசைக் கேட்காதீர்கள். பம்பின் கதை வேறு. அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. பழுதான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி, வண்டி கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. வண்டியின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய வண்டி என்பதற்காகச் சட்டமே பொருந்தாது என்பது வியாபாரிகளின் பேச்சு.

என்னிடம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்குப் பிறகுதான் குழியில் விழுகிறார்கள். பம்ப் டாங்குக்குள்ளே, பெட்ரோலில் மூழ்கி நிற்கிறது. அதைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். டாங்க் வற்றிய நிலையில் அடிக்கடி ஓட்டினால் பம்ப் சூடேறிக் கருகும். விற்றவர் சொல்லப்போவது இதுதான்: "மீட்டர் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன், அதையே நம்பி வற்ற வற்ற ஓட்டிப் பம்பைக் கெடுத்தது இவர்தான்." அரை டாங்க் இருப்பதாக நம்பித்தான் ஓட்டினேன் என்ற உங்கள் வரி அவருக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த சாட்சி. வாட்ஸ்அப்பில் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் கேட்டால் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் கீழே சமரசம் பற்றிப் பேசுகிறேன்.

இதை எதிர்கொள்ள ஒரே வழி, வண்டி நின்ற அன்று டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று காட்டுவது. பின் சீட்டைத் தூக்கி டாங்க் மூடியைத் திறந்த மெக்கானிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். பத்து, பன்னிரண்டு லிட்டர் இருந்தது என்று அவர் எழுதிக் கொடுத்தால் விற்றவரின் வாதம் அங்கேயே படுத்துவிடும். கடைசியாகப் பெட்ரோல் போட்ட ரசீதோ கார்டு ஸ்டேட்மென்ட்டோ இருந்தால் எடுங்கள். அதற்குப் பிறகு ஓடிய கிலோமீட்டரையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

கழற்றிய பழைய பாகம் குப்பைக்குப் போவதற்குள் இன்றே பட்டறைக்குப் போங்கள். பம்பின் அடியில் இருக்கும் வலையில் துருவும் கசடும் அப்பியிருந்தால் அது மூன்று மாதத்தில் சேர்ந்த அழுக்கு அல்ல. கனெக்டரின் பிளாஸ்டிக் உருகியோ அதன் உலோகப் பின் கறுத்தோ இருந்தால் பம்ப் வெகுநாளாக அதிகக் கரண்ட் இழுத்திருக்கலாம். இரண்டையும் தேதி தெரியும்படி படமெடுத்துப் பாகத்தைப் பையில் போட்டு வையுங்கள். பில்லையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: பம்ப் எவ்வளவு, சென்டர் எவ்வளவு, கூலி எவ்வளவு. பல வண்டிகளில் இரண்டும் ஒரே செட்டாக வரும், ஒரே வரியில் பில் போடுவார்கள். அப்படியே நீட்டினால் எதிராளி மொத்தத்தையும் மீட்டர் கணக்கில் தள்ளிவிடுவார். பில்லில் 'தேய்மானம்' என்ற சொல் இருந்தால் மெக்கானிக் அதை ஏன் எழுதினார் என்று கேளுங்கள். பழக்கத்தில் எழுதுகிறார்கள், அது வழக்கையே தின்றுவிடும். வேலை முடிந்த பிறகு பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் வாடை வந்தால் டாங்க் மூடியின் சீல் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அது பட்டறையின் பொறுப்பு, விற்றவரின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. லெமன் சட்டம் முதலில் தருவது விற்றவரே சரிசெய்து தரும் உரிமையை. நீங்கள் அவருக்கு அந்த வாய்ப்பே கொடுக்கவில்லை. விரைவுச்சாலையில் நின்றது அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்பேட்டைக்கு வந்த பிறகு என்ன அவசரம் என்று நடுவர் கேட்பார். ஒரு போன் செய்தோ செய்தி அனுப்பியோ பதில் வராமல் இருந்திருந்தால், அந்தப் பதிவு உங்களுக்குப் பெரிய பலம்.

முழுப் பணம் என்ற பேச்சை விடுங்கள். சரிசெய்யவோ மாற்றித் தரவோ முடியாதபோதுதான் அந்தக் கட்டம் வரும். அப்போதும் நீங்கள் ஓட்டிய மாதங்களுக்குக் கழிப்பார்கள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. உங்கள் 36,000 அதற்கு மேல். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போனால் வக்கீல் செலவே பம்பின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

தவணையை நிறுத்தவே கூடாது. கடைசித் தவணை கட்டும் வரை வண்டி நிதி நிறுவனத்துக்குச் சொந்தம். பம்ப் தகராறு அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உட்லண்ட்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முக்கால் டாங்க் விதி 1991-லிருந்து இருக்கிறது. அதிகாரிக்குக் கண்ணில் தெரிவது முள் மட்டும்தான். உங்கள் முள் போல ஒரே இடத்தில் நிற்பதைச் 'சமாளிக்க' சென்டர் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி முள்ளை மேலே நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். முக்கால் டாங்க் இல்லாமல் போவதற்கு அபராதம் 500 வெள்ளி வரை. மீட்டரைத் திருகி வைப்பது தனிக் குற்றம், அதற்குச் சிறைக்கும் இடமுண்டு. அந்த வயரை முந்தைய உரிமையாளர் செருகியிருந்தாலும் சாவடியில் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டியரிங் பிடித்திருப்பவர்தான். புது சென்டர் போட்டபோது இப்படி எதையாவது கழற்றினாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கழற்றியிருந்தால் அந்த வயர்த் துண்டு உங்கள் கையில் பெரிய ஆயுதம். மீட்டர் சரியில்லை என்று எழுதுவது வேறு, ஏமாற்று வயரை மறைத்து விற்பது வேறு.

அப்படி எதுவும் இல்லையென்றால் சமரசத்துக்குப் போங்கள். பம்பின் விலையும் பாதிக் கூலியும் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பி, 14 நாள் அவகாசம் கொடுங்கள். மொத்தத்தில் பாதி, அதாவது 600 வெள்ளி பக்கம் வந்தாலே வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான், அந்த மிரட்டல் போதும். காசைக் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். 'இந்த வண்டி தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று இருந்தால் போடாதீர்கள். ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, நாளைக்கே கியர்பாக்ஸ் போகலாம். 'பம்ப் பழுது தொடர்பான கோரிக்கை மட்டும்' என்று மாற்றி எழுதச் சொல்லிப் பிறகு போடுங்கள்.