வாசகர் கேள்வி–பதில்: அம்ப்ளிஃபயரும் காதும்

கேள்வி: இருபது ஆண்டுகளாக ஒரே அம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்டு வருகிறேன். சென்ற மாதம் கண்டியில் ஒரு கடையில் விலை கூடிய புதியதொன்றைக் கேட்டபோது, வயலினும் மிருதங்கமும் வேறொரு தெளிவோடு ஒலித்ததாகவே எனக்குப் பட்டது. பேராதனையில் பொறியியல் படிக்கும் என் மகனோ, “எல்லா அம்ப்ளிஃபயரும் ஒன்றுதான் அப்பா, அது மனப்பிரமை” என்கிறான். நான் என் காதை நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

பதில்: தாராளமாக நம்பலாம், ஐயா. ஆனால் அன்று கடையில் தீர்ப்புச் சொன்னது உங்கள் காது மட்டும்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலைச்சீட்டைக் கண்ட கண்ணும், கடைக்காரரின் பேச்சைக் கேட்ட மனமும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சற்றே கூடியிருந்த சத்தமும் அதில் பங்கெடுத்திருக்கக் கூடும்.

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் சாயம் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நிறையில் தூள் இட்டு, ஒரே அளவு கொதிநீர் ஊற்றி, ஒரே நேரம் ஊறவிட்ட பிறகுதான் அவர் வாயில் வைப்பார். சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்கிறது. ஒன்றில் மட்டும் தூள் கூடிப் போனால் சாயம் கடுத்து, அந்தத் தேயிலையே திறமானது என்று தோன்றிவிடும். அப்போது பிழை நாக்கில் இல்லை, நிறுவையில்தான் இருக்கிறது. ஒலியில் அந்த நிறுவை சத்த அளவுதான். சத்தத்தை அளக்கும் அலகான டெசிபல் கணக்கில் ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் ‘சத்தம் கூட’ என்று உணர்வதில்லை. ‘தெளிவு கூட’, ‘ஆழம் கூட’ என்றே உணர்கிறது. இரண்டு அம்ப்ளிஃபயர்களின் குமிழ்களையும் ஒரே இடத்தில் வைத்தால் சத்தம் ஒன்றாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றின் பெருக்கமும் வேறு.

ஆகவே, வாங்குவதற்கு முன் இரண்டையும் ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கர்களோடு கேட்க வழி தேடுங்கள். 200 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளக்கலாம். முதலாவது 2.00 வோல்ட் காட்டினால் இரண்டாவதும் 1.98க்கும் 2.02க்கும் இடையில் வருமாறு குமிழைத் திருப்புங்கள், அதுவே 0.1 டெசிபல் அளவிலான பொருத்தம். பிறகு இரண்டையும் துணியால் மறைத்துவிட்டு, எது ஒலிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்யுமாறு மகனிடம் சொல்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியக் கூடாது, பேசவும் கூடாது. நுண்ணிய வேறுபாடு சில விநாடிகளுக்கு மேல் நினைவில் நிற்பதில்லை என்பதால் மாற்றுவது விரைவாக நடக்க வேண்டும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் நீங்கள் சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நேர்ந்திருக்க நூற்றுக்கு நான்கு அளவே வாய்ப்பு. அப்போது உங்கள் காது சொன்னதை மகனும் ஏற்றாக வேண்டும்.

மகனின் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. ஒழுங்காக வடிவமைத்த இரண்டு டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயர்களைச் சத்தம் பொருத்தி, அவற்றின் வலுவுக்கு மேல் முறுக்காமல் மறைத்து ஒலிக்கவிட்ட சோதனைகளில் பெரும்பாலும் எவராலும் பிரித்தறிய முடிந்ததில்லை. ஆனால் ‘எல்லாம் ஒன்று’ என்பது பிழை. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் தடை, சுருதிக்குச் சுருதி 4 ஓமிலிருந்து 32 ஓம் வரைகூட ஏறி இறங்கலாம். வெளியீட்டுத் தடை, அதாவது அம்ப்ளிஃபயரின் சொந்த உள்தடை, 2 ஓம் உள்ள ஒரு வால்வு (கண்ணாடிக் குழாய்) அம்ப்ளிஃபயரை அதோடு இணைத்தால் ஒலிச் சமநிலை 3 டெசிபல் வரை சாயும், 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயரில் அந்தச் சாய்வு 0.1 டெசிபலுக்கும் குறைவு. முன்னதை யார் காதும் கண்டுபிடிக்கும். 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், விலை குறைந்த தம் டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயரை, விலை மிகுந்த வால்வு அம்ப்ளிஃபயர் ஒன்றைப் போலவே ஒலிக்கும்படி திருத்தி, ‘ஸ்டீரியோஃபைல்’ இதழாசிரியர்களால் பிரித்தறிய முடியாதபடி செய்து காட்டினார். முதலில் வேறுபாடு இருந்தது என்பதும், அது அளந்து சரிசெய்யக் கூடிய வேறுபாடுதான் என்பதும் அந்த ஒரே நிகழ்விலிருந்து தெரிகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துப் பழைய அம்ப்ளிஃபயர் இன்று பழுதுபட்டிருக்கவும் கூடும். அப்படியொன்றை என் மேசையில் திறந்தபோது மின்னைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் ஒன்று தலை உப்பி, காலடியில் பழுப்பாகக் கசிந்து கிடந்தது. இடப்பக்க ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்துத் தாழ்ந்த நாதம், எழவே இல்லை. மூடுபனி ஈரம் புகுந்து குமிழில் கரகரப்பு வருவதும், ஒரு பக்கம் சத்தம் குறைவதும் நம் பக்கத்தில் சாதாரணம். உங்களுடையதை ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடையில் கேட்ட தெளிவு, சில நூறு ரூபாய்க் கண்டென்சர்களிலேயே திரும்பி வந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 100 வோட் செட்டுக்குப் பதிலாக 200 வோட் செட் எடுத்தால் சத்தம் இரட்டிப்பாகுமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ஆகாது. வலு இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். இரு மடங்கு சத்தமாகக் காதுக்குப் பட ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். ஆனாலும் தவிலின் ஓங்கிய அடிகள் வெட்டுப்படாமல் வர 200 வோட் உதவும். கீழ் லயங்களுக்குக் கேட்கவில்லை என்பதுதான் குறையென்றால், செட்டை மாற்றுவதை விட்டுவிட்டு, ஒரு ஹோர்னைத் தடித்த வயரில் கொண்டு போய் லயத்துக்கு அருகே கட்டுங்கள். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும்.