அப்பாவுக்கு ஐசியூவில் நிமோனியா: ஆஸ்பத்திரியில் வந்ததா?

வணக்கம் சகோ. பக்கவாதத்துக்குச் சேர்த்த அப்பாவுக்கு வென்டிலேட்டரில் 5ஆம் நாள் நிமோனியா, மருந்தையும் மாற்றிவிட்டார்கள், ஆஸ்பத்திரி மேல்தான் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்த்து 48 மணி நேரம் தாண்டி வந்தால் அது ஆஸ்பத்திரிக் கணக்கு. அதிலும் வென்டிலேட்டருக்காகத் தொண்டை வழியே மூச்சுக்குழாயில் குழாய் போட்டு 48 மணி நேரம் கழித்து என்றால் வென்டிலேட்டர் நிமோனியா. ஆஸ்பத்திரிக்கு வெளியே வரும் நிமோனியாவுக்கு அதிகம் காரணம் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா; வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கே பெரும்பாலும் அடங்கும். (அதற்காக அது லேசானது இல்லை, ஐசியூ வரை போகிறவர்கள் உண்டு.) ஐசியூவில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வேறு ரகம்: கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ். பல மருந்துகளுக்குப் பழகி, அவற்றுக்கு அடங்காதவை. மருந்தை மாற்றியது அதனால்தான் இருக்கும்.

தப்பு என்று உடனே சொல்ல முடியாது. வாயில் ஊறும் எச்சில் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்கு இறங்கும். பக்கவாதத்தில் விழுங்குவதும் சரியாக இருக்காது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வருகிறது.

சளி கல்ச்சர் (சளியில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) முடிவு 2, 3 நாளில் வரும், கேட்டு வாங்குங்கள். மருந்துப் பெயருக்கு எதிரே 'எஸ்' என்றிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. அப்புறம், பார்க்கப் போகும்போது கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்காவது உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கை தட்டையாக இருந்தால் நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள்.