ஊருக்கு ஒரே பஸ்: குற்றவியல் வழக்கறிஞருடன் கேள்வி பதில்

26 ஆண்டுகளாக மாவட்ட அமர்வு நீதிமன்றங்களில் வாதாடுகிறேன். குற்றவழக்கு பற்றிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: காவல் நிலையத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தம்பியை ரிமாண்ட் செய்து 50 நாள் ஆகிறது. ஜாமீன் எப்போது கிடைக்கும்?

மரண தண்டனையோ, ஆயுள் தண்டனையோ, பத்தாண்டுக்குக் குறையாத சிறையோ விதிக்கத்தக்க குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. ஆனால் தானாக வராது, மனுப் போட வேண்டும். கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே போடுங்கள். நீங்கள் மனுப் போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

கண்ணால் பார்த்தவர்களே கூண்டில் ஏறி, முன்பு சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ் சாட்சியாகிறார்கள். மனசாட்சி இல்லையா?

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். கணவனை வெட்டியவர்களுக்கு எதிராக ஒரு விவசாயக் கூலிப் பெண் சாட்சி சொல்ல வேண்டும். சம்பவம் நடந்து ஏழு ஆண்டுகள். அதற்குள் பதினோரு வாய்தா. ஊருக்குக் காலையில் ஒரே பஸ்தான். எதிரிகளும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களும், அதில்தான் வருவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறார். அவர் களையெடுக்கப் போகும் வயலும் அவர்களுடையது. கூண்டில் ஏறியவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "இருட்டாக இருந்தது, யாரென்று தெரியவில்லை" என்றார். பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். எதிரிகள் அனைவரும் விடுதலை. அந்தப் பெண்ணை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. மனசாட்சியைக் கேட்க வேண்டியது அந்தப் பதினோரு வாய்தாவைக் கொடுத்தவர்களிடம்.

சாதியும் நிலமும்தான் வழக்கைத் தீர்மானிக்கின்றன என்கிறார்களே, இதில் அவை எங்கே வந்தன? நீதிமன்றம் ஆதாரத்தைத்தானே பார்க்கிறது?

ஆதாரம் எங்கிருந்து வருகிறது? ஊரிலிருந்து. ஊர் யார் கையில் இருக்கிறது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் மாண்டார்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலன் உள்ள மிராசுதாரர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினம் என்று தீர்ப்பு கருதியது. அது ஆதாரமா, சமூகப் பார்வையா? நீங்களே சொல்லுங்கள்.

(அதே வாசகர்) அது பழங்கதை.

சரி, 2015க்கு வருவோம். வேறு சாதிப் பெண்ணுடன் பழகியதால் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் வழக்கு. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். ஆனால் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. தாயின் போராட்டத்தால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, இருவருடையதை ஐந்தாண்டாகக் குறைத்தது. சாட்சி பிறழ்ந்தால் வழக்கே போயிற்று என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். பிறழ் சாட்சியின் வாக்குமூலத்திலும் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். வழக்கை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனதும், இயந்திரம் சாட்சி சொன்னதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பாருங்கள்.

(மீண்டும் அவரே) பொய் வழக்குகளும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நானே பலவற்றை உடைத்திருக்கிறேன். அதற்குத்தான் குறுக்கு விசாரணை. அதனால் அந்தக் கூலிப் பெண்ணின் பயம் பொய்யாகிவிடாது.

ஜாமீன் எத்தனை நாளில் கிடைக்கும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பட்டாவில் பெயர் மாற்ற மறுக்கிறார்கள்.

இது குற்றவழக்கன்று. வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் போலீசார் ஒப்புதல் வாக்குமூலம் எழுதிவிட்டார்கள். தண்டனை உறுதியா?

இல்லை. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் சாட்சியமாகாது. அதன் விளைவாக ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டுமே ஏற்கப்படும். பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரில் கையெழுத்திட்ட அலுவலரைக் குறுக்கு விசாரணையில் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் போனார், யார் அழைத்தார், எழுதும்போது எங்கே நின்றார். பல வழக்குகள் இங்கேதான் உடைகின்றன. மறுபடியும் சொல்கிறேன், வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். விசாரணையில் சாட்சிகள் போலீசாரிடம் சொல்வதை எழுதினாலும் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம்.

ஜாமீன்...

முதல் பதில்.

அம்மா அடுத்த வாரம் சாட்சி சொல்லப் போகிறார். எதிர்த்தரப்பு வீட்டு வாசலுக்கு வந்து மிரட்டுகிறது.

இன்றே செய்யுங்கள். உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு உண்டு, அதற்கு மனுக் கொடுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்காக இருந்தால் பாதுகாப்போடு பயணச் செலவும் உரிமை. மிரட்டியவர் வந்த தேதி, நேரம், சொன்ன சொல் அனைத்தையும் குறித்து வையுங்கள். அரசு வழக்கறிஞரை முந்தைய நாளே அம்மா பார்க்கட்டும். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். அன்று காலை ஊர் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். முந்தைய இரவே நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கட்டும், நீங்களும் உடன் இருங்கள்.