கேபிள் நெட்வொர்க்கையும் வைஃபையையும் பிரிட்ஜ் எப்படி இணைக்கிறது?

காரைக்குடியில் உங்கள் வீட்டு முகப்பில் ஈதர்நெட் கேபிளில் கணினி, இரண்டாங்கட்டில் வைஃபையில் போன். இரண்டும் வேறு வகை நெட்வொர்க். தரவு எப்படிக் கடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலையைச் செய்வது, வைஃபை சிக்னல் தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட். அது உண்மையில் ஒரு பிரிட்ஜ்தான், அதாவது இரு நெட்வொர்க்கை இணைக்கும் பாலம்.

பிரிட்ஜ் ஐபி முகவரியைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உரிய 48 பிட் மேக் முகவரியை மட்டுமே பார்க்கும். வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (முகவரியிட்ட தரவுப் பொதி) அனுப்புநர் முகவரியைப் படித்து, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறுநர் அதே பக்கம் என்றால் கடத்தாது. மறுபக்கம் என்றால் கடத்தும். எங்கே என்றே தெரியாவிட்டால், வந்த பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் அனுப்பும். வழக்கமாக 300 விநாடி சத்தமில்லாத முகவரி அட்டவணையிலிருந்து நீங்கிவிடும்.

சரி, வகை மாறும்போது? ஈதர்நெட் ஃபிரேமில் இரண்டு முகவரிகள், வைஃபையில் பொதுவாக மூன்று. பிரிட்ஜ் பழைய தலைப்பை (முகவரிகள் உள்ள முன்பகுதி) நீக்கிப் புதியதை எழுதி, பிழை சரிபார்ப்பு எண்ணையும் மறுபடி கணக்கிடும். உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட்டைத் தொடாது. ஆனால் ஈதர்நெட் 1500 பைட் வரைதான் சுமக்கும், வைஃபை 2304 வரை. பெரிய ஃபிரேமைத் துண்டாக்குவது பிரிட்ஜின் வேலை இல்லை, தூக்கி எறிந்துவிடும்.

நம் பக்கத்துக் கனமான சுவர்களில் சிக்னல் தளர்வதால், நடுமுற்றத்தை ஒட்டிய வளவில் இன்னொரு பெட்டி வைத்து வைஃபை வழியாகவே இணைக்க நினைப்பீர்கள். அதற்கு இரு பெட்டிகளின் முகவரிகளையும் சேர்த்து எழுதும் நான்கு முகவரி முறை, அதாவது டபிள்யூடிஎஸ், இரு பெட்டியிலும் இருக்க வேண்டும். முடிந்தால் கேபிளே இழுத்துவிடுங்கள், அதுதான் நம்பகமானது. அப்புறம், கேபிள், வைஃபை இரண்டு வழியிலும் ஒரே பெட்டிகளை இணைத்தால் ஃபிரேம்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறை, கூடுதல் வழியை மூடி அதைத் தடுக்கும். செட்டிங்கில் அதை இயக்கி வையுங்கள்.