முழங்காலுக்குக் கீழே

வணக்கம் ஐயா,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் 'சான்குலோத்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதியில் 'கால்சட்டை இல்லாதவர்' என்று போட்டிருக்கிறது. உடுத்தத் துணியில்லாத பரம ஏழைகளையா அப்படிச் சொன்னார்கள்? இணையத்தில் தேடியபோது கொடி பிடித்த ஒருவரின் ஓவியம் முதலில் வந்தது. அவர் நன்றாகவே உடுத்தியிருக்கிறார். பெண்களும் அப்படி உடுத்தினார்களா?

ஆர்., திருச்சி


அன்புள்ள ஆர்.,

அகராதி பாதியோடு நின்றுவிட்டது. குலோத் என்பது முழங்காலோடு முடிந்து, அங்கே பொத்தானோ கொக்கியோ போட்டு இறுக்கும் கால்சட்டை. அதற்குக் கீழே காலுறை, வசதி இருந்தால் பட்டில். குலோத் போடாதவன் அம்மணமாகத் திரியவில்லை. கணுக்கால் வரை நீளும் பாந்தலோன் போட்டிருந்தான். இத்தாலிய நாடகங்களில் வரும் பாந்தலோனே என்ற வெனிஸ் நகரத்துக் கஞ்சக் கிழவனின் உடுப்பால் வந்த பெயர் அது. நீங்களும் நானும் போடும் பேண்ட் அந்தக் கிழவன் விட்டுப்போன சொத்துதான்.

மரம் அறுப்பவனுக்கும் மூட்டை தூக்குபவனுக்கும் வெள்ளைப் பட்டுக் காலுறை எத்தனை நாள் தாங்கும்? முழங்காலுக்குக் கீழே ஒரு பார்வை போதும், எதிரில் வருபவன் உடம்பை வருத்திப் பிழைப்பவனா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அரண்மனை இதைச் சடங்காகவே வைத்திருந்தது. 1789 மே மாதம் வெர்சாயில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பேரவை கூடியபோது, பிரபுக்களுக்குப் பொன் சரிகையும் இறகு செருகிய தொப்பியும், மூன்றாம் வகுப்பாருக்கு வெறும் கறுப்புத் துணியும் மொட்டைத் தொப்பியும் என்று உத்தரவு. அப்படி வந்தவர்களில் பலர் வக்கீல்கள், குலோத் போடுகிறவர்கள்தான். அதே ஆண்டு அக்டோபரில் பேரவை இந்த வேறுபாட்டை ஒழித்துவிட்டது.

'சான்குலோத்' முதலில் ஒரு வசவு. 1792 வாக்கில் பாரிஸ் பேட்டைக்காரர்கள் அந்த வசவையே பட்டமாக்கிக்கொண்டார்கள். பாந்தலோன், கார்மான்யோல் என்ற குட்டைச் சட்டை, சிவப்புக் குல்லாய், மரச்செருப்பு, மார்பிலோ தொப்பியிலோ மூவண்ணச் சின்னம், கையில் ஈட்டி.

ஆனால் பரம ஏழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயக்கத்தை நடத்தியவர்களில் பட்டறை முதலாளிகளும் கடைக்காரர்களும் நிறைய. புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் குடியிருந்த வீட்டுக்காரர் துப்ளே ஒரு தச்சர். தச்சர் என்றால் உளி பிடித்த கை மட்டுமல்ல, வாடகைக்கு விட்ட வீடுகளும் அவருக்கு இருந்தன. தன்னிடம் வேலை செய்யும் ஆட்களை அவர் சாப்பாட்டு மேசையில் உட்காரவிட்டதில்லை என்று அவர் மகளே பின்னாளில் சொல்லியிருக்கிறார். குடியிருந்த ரோபெஸ்பியரோ கடைசிவரை தலைக்குப் பவுடர் பூசி, குலோத்தும் பட்டுக் காலுறையுமாகவே நடமாடினார். சிவப்புக் குல்லாயை அவர் ஏற்கவே இல்லை. அதை 1792 ஜூன் 20 அன்று, அரண்மனைக்குள் புகுந்த கூட்டத்தின் முன்னால் தலையில் வைத்துக்கொண்டவர் அரசர் பதினாறாம் லூயி!

நீங்கள் பார்த்த ஓவியம் புவாய் என்ற ஓவியர் வரைந்ததாக இருந்தால் இன்னொரு வேடிக்கை. கொடியும் மரச்செருப்புமாக நிற்கும் அந்த ஆள் தொழிலாளி இல்லை, ஷெனார் என்ற மேடைப் பாடகர். 1792 அக்டோபரில் நடந்த ஒரு விழாவுக்காகப் போட்ட உடுப்பு அது. சான்குலோத் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் உருவம் ஒரு நடிகருடையது. வயிற்றுப்பாட்டுக்காக உடுத்திய உடையை அரசியலுக்காக உடுத்தத் தொடங்கிவிட்டால், அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

இனி பெண்கள். 1793 மே மாதம் பாலின் லெயோன் என்ற சாக்லேட் வியாபாரியும் கிளேர் லக்கோம்ப் என்ற நடிகையும் புரட்சிகரக் குடியரசுப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். செப்டம்பரில் மூவண்ணச் சின்னம் பெண்களுக்கும் கட்டாயமானது. அடுத்து சிவப்புக் குல்லாயும் என்று சங்கத்தார் நெருக்குவதாகச் சந்தையில் பேச்சு. அக்டோபர் 28 அன்று குல்லாயும் பாந்தலோனுமாக வந்த சில பெண்கள் சந்தைப் பெண்களையும் அப்படி உடுத்தச் சொன்னதாகப் புகார். கைகலப்பாகிவிட்டது. சந்தைப் பெண்களின் கோபம் குல்லாய் மேல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பொருள்களுக்கு உச்சவரம்பு விலை வேண்டும் என்று கத்தியவர்கள் சங்கத்துப் பெண்கள். ஒரு மாதத்துக்கு முன்தான் அது சட்டமாகி, கூடை வைத்து விற்பவளின் பிழைப்பில் விழுந்திருந்தது.

மறுநாள் தேசியப் பேரவை ஓர் ஆணை போட்டது: எவரும் எவரையும் இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. மூவண்ணச் சின்னம் மட்டும் விலக்கு, அதைக் குத்தியே ஆக வேண்டும். அதற்கும் மறுநாள், அக்டோபர் 30, பெண்கள் சங்கங்கள் அத்தனையையும் மூடச் சொல்லிவிட்டார்கள்.