முகம் சிவப்பவரும் ‘ஸ்டெடி’யாக இருப்பவரும்: மருத்துவர் பதில்கள்

குடி பற்றி எனக்கு வரும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான்: ‘ஒரே அளவுதான் குடித்தோம், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன்?’ அந்த வகைக் கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். கூட வேலை பார்க்கும் சீன நண்பர் அரை கிளாஸ் பீர் குடித்ததுமே காது, கழுத்தெல்லாம் சிவந்துவிடுகிறார். இது அலர்ஜியா?

அலர்ஜி இல்லை, பிறவியிலேயே வந்த ஒரு மரபணு மாற்றம். உள்ளே போகும் ஆல்கஹாலைக் கல்லீரல் இரண்டு கட்டமாக உடைக்கிறது. முதல் கட்டத்தில் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அடுத்த கட்டத்தில் ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி அந்த நச்சைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றிவிடும். 12-வது குரோமோசோமில் இருக்கும் இந்த நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், இரண்டாம் கட்டம் படுத்துவிடும். மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் தேங்குவது மாதிரி நச்சு ரத்தத்தில் தேங்கும். ரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கும். நெஞ்சு படபடக்கும், குமட்டும், தலை வலிக்கும்.

இந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்து உருவாவது. அதில் ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் தடுமாறும். அதனால் அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றம் வந்திருந்தாலும் நொதியின் வேகம் பாதியைவிடக் குறைந்துவிடும். சீனர், ஜப்பானியர், கொரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி முகம் சிவக்கிறது.

உங்கள் நண்பருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அசிட்டால்டிஹைடு டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். முகம் சிவந்தும் விடாமல் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம்.

கேள்வி: அதே நண்பர் இப்போது பார்ட்டிக்கு முன்னால் ஓர் அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொள்கிறார். முகம் சிவப்பதில்லை. தொடரலாமா?

வேண்டவே வேண்டாம். ஃபமோடிடின் போன்ற மாத்திரைகள் சிவப்பைத்தான் மறைக்கும். நச்சு அப்படியே இருக்கும். முகம் சிவக்கவில்லை என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு கிளாஸ் உள்ளே போகும், அதுதான் என் பயம். அவருக்கு உடம்பே கொடுத்த எச்சரிக்கை அது. அதை அடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

சுற்றி இருப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஜப்பானில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில், பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்த மாற்றத்தைப் பெற்றவர்கள் 1979-ல் 2.5 சதவீதம்தான். 1992-ல் 13 சதவீதம். மரபணு 13 ஆண்டுகளில் மாறாது. குடிக்கிற பழக்கம்தான் மாறியிருக்க வேண்டும். ‘ஒரு வாய்தானே, குடி’ என்று அவரை யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கோயம்புத்தூர்க்காரன். போன வாரம் எனக்கும் அதே மாதிரி முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. எனக்கும் அந்த மரபணுவா?

தமிழர்களிடம் அந்த மாற்றம் மிக அரிது. அப்போது என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்றவற்றோடு மது சேரவே கூடாது. மருந்து முடிந்து 3 நாளாவது போகட்டும்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்று ஒரு மாத்திரையைச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

அம்மா, தயவுசெய்து கொடுக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன அதே நொதியை முடக்கி, அந்த சீன நண்பருக்கு நேர்வதை இன்னும் கடுமையாக நேரவைக்கும் மருந்து அது. தெரிந்து சாப்பிடுபவர் குடிக்கப் பயப்படுவார், மருந்தின் பலனே அந்தப் பயம்தான். தெரியாதவர் வழக்கம்போல் குவார்ட்டரைக் குடிப்பார். ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கும். அவர் சம்மதத்தோடு மனநல மருத்துவர் கொடுத்தால் நல்ல மருந்துதான்.

கேள்வி: அப்பா குடித்தே போனார். எனக்கு 24 வயது. நாலு ரவுண்டு போனாலும் ஸ்டெடியாக இருப்பேன், வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எனக்குத் தாங்கும் உடம்பு, பயமில்லைதானே?

தம்பி, இன்று வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட், 20 வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, யாருக்கு எவ்வளவு போதை ஏறுகிறது என்று குறித்துவைத்தார். ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை அதிகம் ஏறியவர்களில் 14 சதவீதம் பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். சரியாக ஏறாதவர்களில், அதாவது உங்களைப் போல ‘ஸ்டெடி’யாக இருந்தவர்களில், 56 சதவீதம்.

போதும் என்று உடம்பு சொல்வது உங்களுக்குத் தாமதமாகக் கேட்கிறது, அதனால் அதிகம் குடிக்கிறீர்கள். கல்லீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலு ரவுண்டும் அதற்கு நாலு ரவுண்டுதான். வண்டி ஓட்டும்போது கையும் கண்ணும் மந்தமாகத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

குடிநோய்க்கான வாய்ப்பில் பாதி பரம்பரை என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த ஒரு மரபணுவும் தனியாக அதைத் தீர்மானிப்பதில்லை. மீதிப் பாதி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. 24 வயதில் நிறுத்துவது 40-ல் நிறுத்துவதைவிட எவ்வளவோ சுலபம். ஆனால் தினமும் குடிப்பவர் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.