மிக்சியும் அம்மியும்: ஒளிப்படக் கேள்வி-பதில்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பனியன், டி-சர்ட் படம் எடுத்துத் தருகிறேன். நாளொன்றுக்கு எழுபது உருப்படி வரை போகும். சொந்தமாக ஒரு படம் எடுக்க நேரமும் வாய்ப்பதில்லை, மனமும் ஒட்டுவதில்லை. இந்தக் கூலி வேலையை விட்டால்தான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: விட வேண்டாம். கடை வாடகையையும் கேமராத் தவணையையும் கட்டுகிற வேலையைப் பழிக்கும் பேச்சு எனக்கு எப்போதுமே பிடிப்பதில்லை. இருபத்தேழு ஆண்டுகளாக நானும் விளம்பரப் படம்தான் எடுத்து வருகிறேன்; சென்ற மாதம் மட்டும் பிரஷர் குக்கர், ஒரு நகைக்கடையின் ஒட்டியாணம், ஒரு சிமென்ட் ஆலை, ஒரு மருத்துவமனையின் ஆண்டறிக்கை என்று பொழுது போயிற்று.

இவ்வகைக் கேள்வி வரும்போதெல்லாம் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென் (1917–2009) நினைவுக்கு வருவார். 1943 முதல் 'வோக்' இதழுக்கு ஆடையலங்காரப் படங்கள் எடுத்தவர். 1953-இல் நியூயார்க்கில் சொந்த ஸ்டுடியோ தொடங்கியவர். 1968 முதல் கிளினீக் நிறுவனத்தின் முகப்பூச்சுப் புட்டிகளைப் படமெடுத்தவர். அவர் 1950-இல் பாரிசுக்குப் போனது இதழுக்காக விலையுயர்ந்த ஆடைகளைப் படமெடுக்கத்தான். மேல்மாடியில் இயற்கை வெளிச்சம் விழும் ஓர் அறையில், பழைய நாடகத் திரை ஒன்றைப் பின்னணியாகத் தொங்கவிட்டு மாடல் அழகிகளை நிறுத்தியவர், அவர்களுக்கு இடையிடையே கசாப்புக் கடைக்காரரையும் தெருவில் கூவி விற்பவரையும் வேலை உடுப்போடும் கருவியோடும் வரவழைத்து, அதே திரையின் முன்னால், அதே வெளிச்சத்தில் நிறுத்தினார். பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்தத் தொடரை வளர்த்தார். அதில் 252 படங்களை 2008-இல் லாஸ் ஏஞ்சலிசின் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியது. சம்பளத்துக்குப் போட்ட விளக்கு வேறு, சொந்தப் படத்துக்குப் போட்ட விளக்கு வேறு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மிக்சி நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் படமெடுக்கிறேன். ஒருமுறை வேலை முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில், ஸ்டுடியோவின் பின்கட்டில் கிடந்த பழைய அம்மியைத் தூக்கி வந்து அந்த மேசைமேலேயே வைத்தேன். பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லின் மட்டத்துக்கே விளக்கை இறக்கியதும், பகலில் கண்ணுக்குத் தெரியாத நடுப்பள்ளம் எழுந்து தெரிந்தது. ஓரங்களில் கொத்திய புள்ளிகள் அப்படியே இருக்க, கை ஓடிய இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அன்று தொடங்கி இதுவரை நாற்பத்தொரு அம்மிகளைப் படமெடுத்திருக்கிறேன். துணியின் நெசவைக் காட்ட நீங்கள் தினமும் தாழ்த்தி வைக்கிற விளக்கும் இதுவேதான். எழுபத்தொன்றாவது உருப்படியாக உங்களுக்குப் பிடித்த ஒன்றை அந்த மேசைமேல் வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

கேள்வி: பாத்திரக் கடைக்கு எவர்சில்வர் குடம் படமெடுக்கிறேன். எப்படி எடுத்தாலும் குடத்துக்குள் நானும் கேமராவும் தெரிகிறோம். என்ன செய்வது?
(ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: குடம் தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும், ஆகவே அது எதைக் காட்ட வேண்டுமோ அதைச் சுற்றி வைப்பதே வேலை. டிரேசிங் பேப்பரையோ வெள்ளை மல்லுத் துணியையோ கூடாரம் போலக் கட்டி, விளக்கை வெளியிலிருந்து அதன்மேல் அடியுங்கள். லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை. இவ்வளவோடு நிறுத்தினால் குடம் வெள்ளைக் காகிதம் போலத் தட்டையாகிவிடும் என்பதால், இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்துங்கள். அந்தக் கறுப்புக் கோடுகள்தான் குடத்துக்கு உருட்சி கொடுப்பவை. லென்ஸின் கரும்புள்ளி ஒன்று மிஞ்சும். கேமராவைத் தள்ளி வைத்து நீண்ட குவியத்தூர லென்ஸில் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) எடுத்தால் அது சிறுத்துவிடும், பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாணை பிடிப்பவர், ஈயம் பூசுபவர், பூட்டு ரிப்பேர் செய்பவர் ஆகியோரைத் தொடராகப் படமெடுக்க விரும்புகிறேன். இது என் சொந்த முயற்சி, வருமானம் இல்லை. அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் படம் செயற்கையாகிவிடும் என்கிறார் என் பேராசிரியர்.
(ஒரு கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: கொடுங்கள். ஒரு மணி நேரம் சாணைச் சக்கரம் நின்றால் அவருக்கு ஒரு மணி நேரக் கூலி போயிற்று. அந்த நட்டத்தை உங்கள் கலைக்காக அவர் ஏன் ஏற்க வேண்டும்?

பென்னையே மறுபடி அழைக்கிறேன். 1948 டிசம்பரில் 'வோக்' வேலையாகப் பெரு நாட்டுக்குப் போனவர், வேலை முடிந்தபின் ஊர் திரும்பாமல் குஸ்கோ என்னும் மலை நகருக்குச் சென்று, உள்ளூர்க்காரர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். கிறிஸ்துமஸ் சமயம். உரிமையாளர் விடுப்பில் போய்விட, குடும்பப் படம் எடுத்துக்கொள்ளக் காசோடு வந்த மக்களிடம் காசு வாங்காமல் பென் தம் கையிலிருந்து அவர்களுக்குக் கொடுத்தார். அந்த மூன்று நாள்களில் எடுத்தவற்றில், கல் தரையில் வெறுங்காலோடு நின்று ஒரு சிறு முக்காலியின் மேல் கைகோத்துக்கொண்டிருக்கும் இரண்டு குழந்தைகளின் படமும் ஒன்று. குழந்தைகளின் உடம்பில் பெரியவர்களின் முகம் இருக்கிறது. பணம் கொடுத்ததால் அந்தப் பார்வை பொய்யாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முழுக்க முழுக்கத் திட்டமிட்டு நிறுத்தி எடுத்த படம் அது. செயற்கை என்ற சொல்லுக்கு அஞ்சினால் ஸ்டுடியோக்களை மூடிவிட வேண்டியதுதான்.

பணத்தைப் படமெடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். படம் எங்கே வரும் என்பதையும் சொல்லுங்கள். அச்சுப் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கணக்கை முடிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்காக எடுத்த படங்களை என் கண்காட்சியில் வைக்கலாமா? எடுத்தவனுக்கே உரிமை என்று நண்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: நண்பர்கள் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள் போலும். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டபடி கட்டணம் பெற்று எடுத்த ஒளிப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். எனவே "கண்காட்சியிலும் மாதிரித் தொகுப்பிலும் வைத்துக்கொள்ள ஒளிப்படக்காரருக்கு அனுமதி உண்டு" என்ற ஒரு வரியை விலைப்பட்டியல் அனுப்பும்போதே சேர்த்து, ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். உரிமை உங்களிடமே இருக்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டு பிறகு அதை எழுதிக் கொடுப்பதானால், எத்தனை ஆண்டுக்கு, எந்த எல்லைக்குள் என்பதைக் குறிக்க மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் 19-ஆம் பிரிவின்படி காலம் ஐந்து ஆண்டு என்றும் எல்லை இந்தியா என்றும் கொள்ளப்படும். நான் இதெல்லாம் தெரியாத வயதில், விலைப்பட்டியல் புத்தகத்துக்கென்று மட்டும் பேசி எடுத்த படம் மறு தையில் அந்த நிறுவனத்தின் தினசரிக் காலண்டரில் தொங்கியதைப் பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை.

யாரும் கேட்காமல் நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் நீங்கள் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

கேள்வி: வேலைக்காக எடுத்தவற்றையும் சொந்தப் படங்களையும் ஒரே தொகுப்பில் வைத்து வாடிக்கையாளரிடம் காட்டலாமா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: காட்டலாம், அருகருகே வைத்தே காட்டலாம். கண்ணாடிக் குவளையில் நிற்கும் பல்துலக்கியைக் கிளினீக் விளம்பரத்துக்காக எடுத்த அதே பென், 1972-இல் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி வந்து, அதே கண்டிப்போடு படமெடுத்து, பிளாட்டினம் உப்பு பூசிய தாளில் அச்சிடும் பழைய முறையில் பெரிதாக அச்சிட்டார். 1975-இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. என் அம்மிப் படங்களை அந்த மிக்சி நிறுவனத்தாரிடம் காட்டியபோது, "எங்கள் வியாபாரத்துக்கே உலை வைக்கிறீர்களே" என்று சிரித்துவிட்டு, அந்தத் தாழ்ந்த விளக்கை மிக்சியின் பிளேடுக்கு வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த வேலைதான்.